சித்திரை லீவுக்கு மலையேறும் ஜீப்புகளுக்கு: கொஸ்லந்தவிலிருந்து ஒரு பருவ அறிவிப்பு

சித்திரைப் புத்தாண்டு லீவுக்கு ஜீப்புகளையும் மோட்டார் சைக்கிள்களையும் திரட்டிக்கொண்டு கொஸ்லந்த, பூனாகலை, அப்புத்தளைப் பக்கம் ஏறத் திட்டம் போடும் குழுக்கள் இப்போதே திகதியைத் திரும்பப் பாருங்கள். மார்ச் நடுப்பகுதிக்குள் வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் யூலைக்குத் தள்ளிப்போடுங்கள். ஏப்ரலில்தான் எல்லோருக்கும் லீவு கிடைக்கும் என்றால், பகல் 12 மணிக்குள் மண்பாதையை விட்டு இறங்கிவிடும்படி பயணத்தைச் சுருக்குங்கள்.

மார்ச், ஏப்ரல் இரண்டும் ஊவாவுக்கு இடைப்பருவ மழை மாதங்கள். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அதை நம்பி ஏறுகிறவர்கள், பிற்பகலில் மலை கறுத்து இடியோடு கொட்டும்போது பாதிவழியில் நிற்பார்கள். பெய்வது ஒரு மணி நேரமாக இருக்கலாம். மண்பாதை ஓடையாக அது போதும். யூலையிலிருந்து செப்டெம்பர் வரை நிலைமை வேறு. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர, எங்கள் பக்கம் உலர்காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணம் வருவதும் அந்தக் காற்றில்தான். பாதை அப்போது இறுகியிருக்கும். மானாப்புல்லும் காய்ந்திருக்கும் என்பதால் நெருப்பு மட்டும் மூட்டாதீர்கள்.

இந்த வருடம் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள்தான் மண்சரிவில் அதிக உயிர்களை இழந்தன. வீதியில் விழுந்த மண்ணை இயந்திரம் வந்து அள்ளிவிடும். மேலே வெடித்தும் விழாமல் நிற்கிற சரிவை யாரும் அள்ள முடியாது. அடைபட்ட கான்களும் அடிமண் கழுவப்பட்ட மதகுகளும் அப்படித்தான், பார்வைக்குச் சரியாக இருக்கும். இடைப்பருவத்தின் முதல் கனமழைதான் அவற்றைச் சோதிக்கும். பூனாகலை கபரகலையில் மண் சரிந்து வீடுகள் நாசமானது 2023 மார்ச் 19 இரவு. மீரியபெத்த சரிந்தது 2014 ஒக்டோபர் 29 காலை, அதாவது வருடத்தின் இரண்டாவது இடைப்பருவத்தில். அம்பிட்டிகந்தை தோட்டத்தின் அந்த டிவிசனில் லயங்கள் மண்ணுக்குள் போய் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது.

சக்கரத் தடத்தில் ஓடும் தண்ணீர்

நீங்கள் ‘ஓஃப் ரோட்’ என்று சொல்லும் பாதை பல இடங்களில் ஒரு டிவிசனுக்கு இருக்கிற ஒரே ரோட்டு. கொழுந்து லொறி அதில்தான் போகிறது. பிரசவ வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேனும் அதில்தான் போகிறது. பயணத் திட்டம் போடும்போது, ‘எங்கள் வண்டி ஏறுமா’ என்ற கேள்விக்கு முன்னால், ‘நாங்கள் போன பிறகு இந்த ரோட்டு நிற்குமா’ என்று கேளுங்கள்.

தோட்ட ரோட்டின் மலைப்பக்க ஓரத்தில் ஒரு கான் ஓடும். தேயிலை மலைக்குள் வெட்டியிருக்கும் குறுக்குக் கான்களின் தண்ணீரை அது வாங்கி, மதகு வழியாக ஓடையில் சேர்க்கும். ஈரமண்ணில் ஆறு ஜீப்புகள் ஒரே தடத்தில் ஏறினால் இரண்டு நீளப் பள்ளங்கள் விழும். அடுத்த மழையில் தண்ணீர் கானை விட்டுவிட்டு அந்தப் பள்ளங்களில் ஓடும். வளைவில் ரோட்டு திரும்பும், தண்ணீர் திரும்பாது. நேரே விளிம்பைத் தாண்டிச் சரிவில் இறங்கும். அந்தச் சரிவுக்குக் கீழே லயம் இருக்கும். புயலில் ஏற்கெனவே தண்ணீர் குடித்து வெடித்திருக்கும் மண்ணுக்கு இன்னும் தண்ணீர் ஊட்டுவது இதுதான். மலை இறங்கிப்போனவர்களுக்கு இது தெரியவும் வராது.

ஆகவே ஏறுமுன் ரோட்டில் இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் புதைந்தாலோ, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் சேறாக வழிந்தாலோ அன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம். கானுக்குள் சக்கரம் இறக்கி ஒதுங்காதீர்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மண்வெட்டி இருக்கட்டும். தடம் பள்ளமாகிவிட்டால் வளைவுக்கு முன்பே மண் போட்டு அணைத்து, தண்ணீர் திரும்பவும் கானுக்குப் போகும்படி சரிவாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். நான்கு பேர் கைபோட்டால் விரைவாக முடிகிற வேலை. இந்த அறிவிப்பில் ஒன்றை மட்டும்தான் உங்களால் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால், இதை வைத்திருங்கள்.

எந்தப் பாதை, யாரைக் கேட்பது

ஜீப் குழுக்கள் அதிகம் தேடிவரும் பாதைகள் இரண்டு. ஒன்று, கலுபஹனவிலிருந்து பம்பரகந்த நீர்வீழ்ச்சியைத் தாண்டி உடவேரிய தோட்டம் வழியாக ஓகியாவுக்கு ஏறும் ‘டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ்’. 263 மீற்றர் உயரமுள்ள பம்பரகந்த நாட்டிலேயே மிக உயரமான நீர்வீழ்ச்சி. அந்தப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் நல்ல காலத்திலேயே ஜீப்பைப் பின்னுக்கு எடுத்துத்தான் திருப்ப வேண்டும். விளிம்பு உடைந்திருந்தால் அப்படித் திருப்ப இடமே இருக்காது. இதை இந்தப் பருவத்தில் புதியவர்களோடு செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மற்றது எங்கள் பக்கத்து மேல் தியலும. தியலும 220 மீற்றர் விழுகிறது. அதன் தலைக்கு மேலுள்ள தடாகங்களுக்குப் பூனாகலை ரோட்டில் மாகல்தெனியப் பக்கமாக ஏறிப் போகிறார்கள். ஒன்றை அறிந்து வாருங்கள்: மீரியபெத்தவில் உயிர் தப்பியவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்தது மாகல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலையில். 2016இல் அவர்களுக்குப் புதிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டதும் அந்த மாகல்தெனியவில்தான். அங்கே இஞ்சினை முறுக்கிச் சத்தம் எழுப்பாதீர்கள், பாட்டுப் பெட்டியை நிறுத்துங்கள். மலையிலிருந்து பெரும் சத்தம் வந்தால் அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தடாகத்தில் குளிப்பவர்கள் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மழை பூனாகலை மலையில் பெய்யும். தண்ணீர் இங்கே வந்து ஏறும். ஓடை கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்துவரத் தொடங்கினால், துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள்.

பாதை திறந்திருக்கிறதா என்பதை வரைபடச் செயலியில் தேடிப் பயனில்லை. புயலுக்கு முந்திய பாதையை அது இன்னும் காட்டிக்கொண்டிருக்கும். பிரதான வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை அல்லது பொலிஸ். தோட்ட ரோட்டுக்குத் தோட்ட ஆபிஸ். அனுமதியும் அங்கேதான் வாங்க வேண்டும், கேட்டைத் திறந்துவிட்டார்கள் என்பது அனுமதியாகாது. கிராம உத்தியோகத்தருக்கு எந்த லயத்திலிருந்து ஆட்களை எழுப்பியிருக்கிறார்கள் என்று தெரியும். ஆட்களை எழுப்பிய லயத்துக்கு மேலே ஓடும் ரோட்டில் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

ஆபிசில் இன்னொன்றையும் கேளுங்கள். பல தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் காலையில் அளந்து எழுதுகிறார்கள். கடந்த மூன்று நாள் கணக்கைக் கேட்டால் சொல்வார்கள். பிறகு தோட்டத் தலைவரையோ கொழுந்தெடுக்கும் அம்மாக்களையோ கண்டு, வெளிப்படையாகக் கேளுங்கள். “அந்த நம்பர் மலைப்பக்கம் போகாதீங்க தம்பி, மண்ணு இன்னும் நகருது” என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம். தினமும் அந்த மண்ணில் கால் வைக்கிறவர்களுக்குத் தெரிவது உங்கள் ட்ரோனுக்குத் தெரியாது. ட்ரோனைப் பற்றிச் சொல்ல வந்ததால் இதையும் சொல்கிறேன்: அதனால் குளவிக் கூடு கலைந்தால் கொட்டு வாங்குவது மலையில் நிற்கும் தொழிலாளர்கள். பறக்கவிடுமுன் கேளுங்கள்.

விளிம்பையும் மதகையும் பார்ப்பது எப்படி

சந்தேகமான இடத்தில் வண்டியை இருபது அடி முன்பே நிறுத்தி, ஒருவர் மட்டும் கம்போடு நடந்து போகட்டும். பள்ளத்துப் பக்க விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு வெடிப்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். புல்லும் சருகும் மூடியிருக்கும்; கம்பால் ஒதுக்கினால்தான் தெரியும். வெடிப்புக்குள் கம்பு தடையில்லாமல் இறங்கினால், அல்லது வெடிப்பின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட இரண்டு விரல் தாழ்ந்திருந்தால், அந்தத் துண்டு ஏற்கெனவே மலையை விட்டுப் பிரிந்துவிட்டது. மேலே நின்று எட்டிப் பார்க்காதீர்கள், திரும்பிவிடுங்கள்.

மதகில் மேற்பரப்பு முழுதாக இருந்தாலும் அடியில் மண் போயிருக்கலாம். ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் இறங்கி, தண்ணீர் வெளியேறும் வாயைப் பாருங்கள். தண்ணீர் குழாய் வழியாக வராமல் பக்கத்து மண்ணிலிருந்து கசிந்து வந்தால் அதன் மேல் பாரம் ஏற்றக்கூடாது. சாய்ந்து நிற்கும் மரங்கள், புதிதாகத் தோன்றிய ஊற்று, தெளிந்து ஓடிய பீலித் தண்ணீர் கலங்கி வருவது, ஓடிய ஊற்று சட்டென்று நின்றுபோவது: இவற்றில் எதைக் கண்டாலும் அந்த இடத்தில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் கிளம்புங்கள்.

போகலாம் என்று முடிவானாலும் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். மற்றவை இந்தப் பக்கம் நிற்க, ஓட்டுபவர் தவிர எல்லோரும் இறங்கி நடக்க, சக்கரத்தை மலைப்பக்கமாக ஒட்டி எடுக்க வேண்டும். ஐந்து வண்டிக்கு மேல் ஒரு குழுவாக வராதீர்கள். அதற்கு மேல் போனால் கடைசி வண்டிக்காரருக்கு முதல் வண்டி கண்டது தெரியாது. முன்னால் அனுபவசாலி போவது வழக்கம். பின்னாலும் அதே அனுபவமுள்ள ஒருவர் வேண்டும், கயிறும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இருக்க வேண்டும். பள்ளத்தாக்குகளில் கைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு என்பதால், எத்தனை மணிக்குள் இறங்குவோம் என்பதைக் கொஸ்லந்தவில் யாராவது ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வின்ச் கயிற்றைச் சரிவோரத்து நிழல் மரத்தில் கட்டாதீர்கள். அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதன் வேர்தான்.

‘திரும்பிவிடுவோம்’ என்று குழுவில் யார் சொன்னாலும் எல்லோரும் திரும்ப வேண்டும். இதை வீட்டிலிருந்து புறப்படுமுன் பேசி ஒத்துக்கொள்ளுங்கள். பாதிவழியில் பேச ஆரம்பித்தால் பயந்தவன் வாயைத் திறக்கமாட்டான்.

மழைக் கணக்கும் மணிக் கணக்கும்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளில் வெளியிடுகிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் வெளியேறத் தயார்நிலை, 150 ஆனால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் வெளியேற்றம் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. இவை அங்கே வசிப்பவர்களுக்கான அளவுகள். பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கு மஞ்சளே போதும். எங்கள் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் இருந்தால் பயணத்தை நிறுத்துங்கள், அது நீங்கிய மறுநாளே ஓடி வராதீர்கள். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற நாளாகும்.

நேரத்தைத் தோட்டத்தின் நாளோடு பொருத்துங்கள். காலையில் பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியவர்கள் வேலை பிரிக்கும் பெரட்டுக்கும் அந்த ரோட்டில்தான் நடப்பார்கள். பிள்ளைகள் ஒன்றரைக்கு விட்டு இரண்டு மணிவரை திரும்பி வருவார்கள். எட்டரைக்குப் பிறகு ஏறி, பன்னிரண்டுக்குள் இறங்கினால் அவர்களுக்கும் தொந்தரவில்லை, இடிமழைக்கும் முந்திவிடலாம். இரவில் இறங்கவே வேண்டாம். 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களின் சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அது தார் போட்ட நல்ல வீதி. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், மேலேயே சின்னக் கியருக்கு மாற்றி இறங்குங்கள்.

திரும்பும்போது தோட்ட ஆபிசுக்கு மறுபடியும் ஒரு முறை போங்கள். எந்த மதகின் அடியில் மண் போயிருக்கிறது, எந்த வளைவில் வெடிப்பு, எந்தக் கான் அடைத்திருக்கிறது என்று கைபேசியில் எடுத்த படத்தோடு காட்டுங்கள். வெடிப்புக்குக் கீழே ஆட்கள் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அங்கிருந்தே அழையுங்கள், காயம் என்றால் 1990 அம்புலன்ஸ். லயத்து ஆட்களுக்கும் நேரில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அன்றைக்கே மண்வெட்டியோடு கான் வெட்டப் போகிறவர்கள் அவர்கள்தான்.