படத்தில் நிற்பது எந்த டிராக்டர்?

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், எங்கள் பள்ளி ஆயாம்மா முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு நிழற்படத்தை எங்களிடம் நீட்டினார். அஞ்சலட்டை அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம். படப்பை ஏரியை அடுத்த வயலில் ஒரு டிராக்டர். அதன் பின்சக்கரத்தை ஒட்டி, மட்கார்டில் கையூன்றி நிற்பவர் ஆயாம்மாவின் தந்தை. பிறர் நிலத்தில் கூலிக்கு டிராக்டர் ஓட்டியவர். ஆயாம்மாவுக்கு இரண்டு வயதாகும்போதே காலமாகிவிட்டார். அவருடைய படம் என்று இருப்பது இது ஒன்றுதான்.

“எங்கப்பா ஓட்டினது என்ன வண்டின்னு பார்த்துச் சொல்லுங்க, கண்ணு” என்றார்.

நாங்கள் நால்வர் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டோம். ஊரில் ஒரு பெரியவரிடம் காட்டினோம். பார்த்த மாத்திரத்தில், “டாஃபேதான். நம்ம பக்கம் வேற என்ன இருந்துச்சு?” என்றார். சென்னை செம்பியத்தில் தொழிற்சாலை நடத்திய டாஃபே நிறுவனம் 1960இல் தொடங்கியது. அதன் சிவப்பு மாசி பெர்குசன் வண்டிதான் நம் பக்கத்துக்குப் பழக்கமானது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பை எங்கே தேடுவது?

பானெட்டின் மேல் யாரோ துண்டை உலரப் போட்டிருந்தார்கள். வண்டியின் பெயர் அதற்குள் ஒளிந்துகொண்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கடைசி ஆங்கில எழுத்து மட்டும் துண்டுக்கு வெளியே தெரிந்தது. அது ‘ஆர்’. அந்த ஓர் எழுத்தே பலரை வெளியேற்றிவிட்டது. மாசி பெர்குசன் ‘என்’னில் முடியும், மகிந்திராவின் கூட்டுறவில் பம்பாயில் செய்த இன்டர்நேஷனல் ‘எல்’லில், எஸ்கார்ட்ஸும் போலந்தின் உர்சுஸும் ‘எஸ்’ஸில். எஞ்சியவை இரண்டு: செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டார், ஜெர்மனியில் பிறந்த ஐச்சர்.

இரண்டில் எது? இங்கே ஆயாம்மாவின் நினைவு கைகொடுத்தது. “மாட்டுக்குத்தான் தண்ணி காட்டணும், என் வண்டிக்கு வேண்டாம்” என்று தந்தை பெருமை பேசுவாராம். அம்மா சொல்லிக் கேட்டது. நாங்கள் அதை வேடிக்கைப் பேச்சென்றே நினைத்துச் சிரித்தோம். எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரிதான், “சிரிக்காதீர்கள், மறுபடி இன்ஜினைப் பாருங்கள்” என்றார்.

டீசல் எரியும்போது இன்ஜின் கடுமையாகச் சூடேறும். பெரும்பாலான டிராக்டர்களில் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கி, முன்னாலுள்ள ரேடியேட்டரில் கொண்டுபோய் ஆற்றும். ஜெட்டாரும் அப்படியே. வேறு சிலவற்றில் தண்ணீரே கிடையாது. உருளையைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கடுக்காக வார்த்திருப்பார்கள். காற்றுப் படும் பரப்பு பல மடங்காகிவிடுவதால், விசிறியின் காற்றே சூட்டை எடுத்துப்போய்விடும். புல்லட் மோட்டார் சைக்கிளில் நாம் அன்றாடம் காண்பதும் இத்தகடுகளைத்தான்.

படத்தில் பானெட்டின் பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டிருந்தது. உள்ளே நெட்டையாக ஒரே ஓர் உருளை. அதன்மேல் இட்லித் தட்டுகளைப் போல அடுக்குகள்! ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் காணவே இல்லை. ஆகவே அது ஐச்சர். டெல்லியை அடுத்த ஃபரிதாபாத்தில் 1959இல் வெளிவந்த ஐச்சரே இந்தியாவில் செய்த முதல் டிராக்டர்.

பெரியவரிடம் போய்ச் சொன்னோம். முகம் சுருங்கியது. ஐச்சரின் டிராக்டர் தொழிலை 2005இல் டாஃபேயே வாங்கிவிட்டது என்றதும், “அப்ப நான் சொன்னதும் சரிதானே!” என்று சிரித்தார். இன்னொரு செய்தியும் உண்டு. டிராக்டரை விற்ற ஐச்சர் மோட்டார்ஸின் கையில்தான் ராயல் என்ஃபீல்டு இருக்கிறது. அதன் ஒரகடம் தொழிற்சாலை 2013இல் திறக்கப்பட்டது. படப்பையிலிருந்து பேருந்தேறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம்.

நாங்கள் நான்கு நாள் பாடுபட்ட ஒன்றை இனிமேல்தான் சொல்ல வேண்டும். பின்டயரில் ‘28’ என்ற எண் தெரிந்தது. அது இரும்புச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். அதை வைத்து வண்டியை அடையாளம் காணலாமென்று அளவுகோலும் கையுமாக அலைந்தோம். பயனில்லை, பல நிறுவனத்தாரும் அதே அளவைத்தான் போட்டிருக்கிறார்கள்! பிறகு எங்களில் ஒருத்திக்கு வடிவொத்த முக்கோணங்கள் நினைவுக்கு வந்தன. தெருவில் நின்ற ஒரு டிராக்டரின் 28 அங்குலச் சக்கரத்தை அளந்தோம். வெளிவிளிம்புவரை 30 அங்குலம் இருந்தது. படத்தில் அதே விளிம்பு 25 மில்லிமீட்டர். அப்படியானால் படத்தின் ஒரு மில்லிமீட்டர் 1.2 அங்குலம். அருகில் நிற்பவர் 54 மில்லிமீட்டர். பெருக்கினால் 64.8 அங்குலம். அவர் சக்கரத்துக்குச் சற்று முன்னால் நிற்பதால் கொஞ்சம் பெரிதாகத் தெரிவார். ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கழித்தோம்.

“ஆயாம்மா, உங்கள் அப்பாவின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்” என்றோம்.

வண்டியின் பெயரைச் சொன்னபோது தலையசைத்துக் கேட்டவர், இதைக் கேட்டதும் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, பண்டக அறைக் கதவு நிலையில் அந்த உயரத்துக்குச் சாக்கட்டியால் ஒரு கோடு போடச் சொன்னார். அளந்து போட்டோம். அதை ஒட்டி நிமிர்ந்து நின்றார். கோடு அவர் தலைக்கு நான்கு விரற்கடை மேலே இருந்தது.