பருத்த இதயம்

கர்லாக்கட்டை சுற்றுகிறவரின் தோள் பருத்தால் பலம் என்கிறோம். இதயத் தசை பருத்தால்? இரத்த அழுத்தம் பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், அதை எதிர்த்துத் தள்ளும் இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. தசை கூடினால் பிராணவாயுத் தேவையும் கூடும். நுண்குழாய்களோ அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. இதயத்துக்கே இரத்தம் தரும் தமனிகளும் குறுகியிருந்தால் என்ன ஆகும், எண்ணிப் பாருங்கள்!

அமெரிக்காவில் ஃபிரமிங்ஹாம் நகரில் 1948இல் 5,209 பேரிடம் தொடங்கிய ஆய்வு, இத்தடிப்பு இருபாலரின் ஆயுளையும் குறைப்பதைக் காட்டியது. ஆனால் அவர்கள் அநேகமாக எல்லாரும் வெள்ளையர். சிகாகோவில் கறுப்பின நோயாளிகளை ஆராய்ந்து 1995இல் வெளியான முடிவுதான் வியப்பானது: அடைபட்ட தமனிகளைவிடத் தடித்த சுவரே அவர்கள் உயிருக்குப் பெரிய ஆபத்து! அவர்களிடையே உயர் இரத்த அழுத்தம் மிகுதி. அதை மருந்தால் குறைத்தால், தடித்த சுவர் மெல்ல இளைக்கவும் செய்கிறது.