அது என்ன சுவர்?

கேள்வி: பிறந்த வீட்டிலிருந்து வந்த தஞ்சாவூர் ஓவியத்தைப் புது ஃப்ளாட்டின் கூடத்தில் மாட்டினோம். தேக்குச் சட்டமும் கண்ணாடியுமாக எட்டு கிலோ இருக்கும். கான்கிரீட் ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சில நாட்களிலேயே தலை தொய்ந்துவிட்டது. பயந்துபோய்ப் படத்தை இறக்கிவிட்டேன். இன்னும் பெரிய ஆணியாக அடித்தால் நிற்குமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: நிற்காது. பெரிய ஆணி அடித்தால் பெரிய ஓட்டைதான் மிச்சமாகும். அத்தனை சுலபமாக ஆணி இறங்கியது என்றால், அநேகமாக உங்கள் சுவர் ஏஏசி பிளாக்கில் கட்டியது. உள்ளே முழுக்க நுண்ணிய காற்றறைகள் கொண்ட கல் அது. துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஆணி நிற்பது சுவர் நெருக்கிப் பிடிப்பதால். இந்தக் கல் நெருக்காது, பொடிந்து வழிவிடும்.

சந்தேகமிருந்தால் படம் மறைக்கப்போகிற இடத்தில் டிரில்லால் ஒரு சிறு துளை போட்டு, உதிரும் தூளைப் பாருங்கள். முதலில் வெள்ளையாக வருவது பட்டி, அடுத்துச் சாம்பல் நிறத்தில் வருவது சிமென்ட் பூச்சு. அதற்கும் பின்னால் வருவதுதான் கணக்கு. சிவப்புத் தூள் என்றால் செங்கல். வெளுத்த மாவாகக் கொட்டி, பிட் தடையில்லாமல் போனால் ஏஏசி. பிட் அலறியபடி நின்ற இடத்திலேயே நின்றால் கான்கிரீட்.

ஏஏசி சுவரில் டிரில்லின் ஹாமரை அணைத்துவிட்டுத் துளையுங்கள். அதிர்ந்தால் துளை அகன்றுவிடும். வெளிப்பக்கம் மரை ஓடும் பிளக் ஏஏசி கல்லுக்கென்றே ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. சாதா பிளக்கைக் கொடுத்து 'இதுவே போதும்மா' என்பார்கள், வாங்காதீர்கள்.

செங்கல் சுவருக்கு 6 மி.மீ. பிட், அதே அளவு நைலான் பிளக், இரண்டு அங்குல ஸ்க்ரூ. உட்பூச்சே 12 முதல் 15 மி.மீ. கனம் இருக்கும். பிளக் பூச்சோடு நின்றுவிட்டால் ஒருநாள் பூச்சோடு சேர்ந்தே வரும். அதைத் தாண்டிக் கல்லுக்குள் இறங்க வேண்டும். நைலான் பிளக்கை ஜெர்மானியரான ஆர்தர் ஃபிஷர் 1958-இல் கொண்டுவந்தார். மரக்கட்டையைச் செதுக்கி அடிக்கிற பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஓதம் ஏறும் சுவரில் அது கரையானுக்கு வைக்கும் விருந்து. கான்கிரீட்டிலும் இதே பிட், பிளக்தான். ஹாமர் மட்டும் கட்டாயம்.

இனி உங்கள் ஓவியம். ஒற்றை ஆணியில் கயிற்றை விறைப்பாகக் கட்டித் தொங்கவிடாதீர்கள். கயிறு கிடைமட்டத்துக்கு 30 பாகையில் நின்றால், எட்டு கிலோ படத்துக்குக் கயிற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டு கிலோ இழுவிசை விழும். சட்டத்தின் வளையம் கழன்றுவருவது இதனால்தான். இரண்டு வளையம், இரண்டு ஹூக் என்று தனித்தனியாக மாட்டுங்கள். நம் பழைய வீடுகளில் சாமி படத்துக்குக் கீழே இரண்டு ஆணி அடித்துச் சட்டத்தை அதன்மேல் உட்காரவைத்து, மேலே ஒரு கம்பியால் சற்றே முன்சாய்த்துக் கட்டியிருப்பார்கள். பாரம் முழுக்கக் கீழ் ஆணிகளுக்குப் போய்விடும். கம்பி பிடித்துக்கொண்டால் மட்டும் போதும். கனமான படத்துக்கு இதைவிட நல்ல முறையை நான் பார்க்கவில்லை.

சட்டத்தின் கீழ் மூலைகளுக்குப் பின்னால் சிறு ரப்பர் குமிழ் ஒட்டி, காற்று போக இடைவெளி விடுங்கள். மழையில் நனையும் வெளிச்சுவர் வேண்டாம். ஈரம் பட்டால் ஓவியத்தின் சுண்ணப் பூச்சு உப்பி, தங்கரேக்கு எழும்பும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்கவே கூடாது. உள்ளே ஒயர் ஓடும்.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் உரிமையாளர். ஒட்டும் ஹூக் தாங்குமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: டைல்ஸிலும் கண்ணாடியிலும் தாங்கும். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பசை பிடிப்பது பெயின்ட்டை மட்டுமே. படத்தோடு பெயின்ட்டும் உரிந்து வரும். அட்டையில் ஒட்டிய சிறு புகைப்படம் என்றால் ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்ட படத்தை அலமாரி மேல் சாய்த்துவைப்பதே நல்லது. தலைமாட்டுச் சுவரில் மட்டும் எதையும் ஒட்டித் தொங்கவிடாதீர்கள்.