பாப் டிலனை நேரில் கேட்க: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாப் டிலன் கச்சேரிக்கு முதல் முறை போய்விட்டு வருகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "எந்தப் பாட்டு என்றே தெரியவில்லை, குரலும் போய்விட்டது" என்பார்கள் சிலர். "இப்படி ஒன்றை இதுவரை கேட்டதே இல்லை" என்பார்கள் வேறு சிலர். ஒரே அரங்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களே இப்படி இரண்டாகப் பிரிவதுண்டு. என்ன எதிர்பார்த்துப் போனார்கள் என்பதுதான் பெரும்பாலும் இதை முடிவு செய்கிறது.

டிலன் பிறந்தது 1941 மே 24. எண்பதைத் தாண்டிய பிறகும் ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டிருக்கிறார். 2024 கடைசியில் வந்த 'எ கம்ப்ளீட் அன்னோன்' படத்தைப் பார்த்துவிட்டு அவரைத் தேடத் தொடங்கிய இளைஞர்கள் பலர். படத்தில் இருப்பது அவருடைய இருபதுகள். மேடையில் அவர்கள் பார்க்கப்போவது வேறு ஒரு மனிதரை. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் படி: அவர் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிக்கெட்டுக்கு முன்பே இது வேண்டும். 1961 ஜனவரியில் மினசோட்டாவிலிருந்து நியூயார்க் வந்து இறங்கிய டிலனின் ஆதர்சம் வூடி கத்ரி. வூடி, பழைய மெட்டுகளை எடுத்துப் புதிய சொற்களைப் போட்டுப் பாடிய நாட்டுப்புறப் பாடகர். அப்போது அவர் நோயில் விழுந்து நியூஜெர்சி மருத்துவமனை ஒன்றில் கிடந்தார். டிலன் அங்கேயே தேடிப் போய் அவருக்குப் பாடிக் காட்டினார். பழைய மெட்டில் புதிய சொல் என்ற வூடியின் வழியைத்தான் தனக்கும் எடுத்துக்கொண்டார். 'பிளோயிங் இன் த விண்ட்' பாட்டின் மெட்டு, கறுப்பின அடிமைகளின் காலத்துப் பாடலான 'நோ மோர் ஆக்‌ஷன் பிளாக்'கிலிருந்து கிளைத்தது. 'எ ஹார்ட் ரெய்ன்ஸ் அ-கோனா ஃபால்' பாட்டின் கேள்வி பதில் அமைப்பு, 'லார்ட் ராண்டல்' என்ற பழைய கதைப்பாடலுடையது. 1962 குளிர்காலத்தில் லண்டன் போனபோது மார்ட்டின் கார்த்தியிடம் கேட்டுக்கொண்ட 'ஸ்கார்பரோ ஃபேர்', 'கேர்ள் ஃப்ரம் த நார்த் கன்ட்ரி'யாக மாறியது.

நாட்டுப்புறப் பாட்டுக்கு 'அசல்' என்று ஒரு பதிவு கிடையாது. ஊருக்கு ஊர், வாய்க்கு வாய் மாறிக்கொண்டே இருப்பதுதான் அதன் உயிர். டிலன் தன் சொந்தப் பாட்டுகளையும் அப்படித்தான் நடத்துகிறார். 1963 இசைத்தட்டில் இருப்பது அந்தப் பாட்டுகளின் ஒரு நாள் முகம், அவ்வளவே. இசைத்தட்டில் இருப்பது போலப் பாடவில்லை என்ற குறை அவர்மேல் அறுபது ஆண்டாகச் சொல்லப்படுகிறது. 1965 நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மின்கிட்டாரோடு ஏறியபோது கூச்சல் எழுந்தது. 1966 மே 17 அன்று மான்செஸ்டரில் கூட்டத்திலிருந்து ஒருவர் 'யூதாஸ்' என்றே கத்தினார். நாட்டுப்புற இசையைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று அவர்கள் எண்ணினார்கள். அந்த மரபின் அடிப்படைக் குணத்தை அவரளவுக்கு விடாப்பிடியாகக் காப்பாற்றியவர் இன்னொருவர் இல்லை என்பது என் கருத்து.

நம்மவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. கர்நாடகக் கச்சேரியில் பாடகர் ஆலாபனையைத் தொடங்கியதும் பின்வரிசையில் "காம்போதியா, யதுகுலகாம்போதியா" என்று கிசுகிசுப்பார்களே, அதே கிசுகிசுப்பு டிலன் அரங்கிலும் உண்டு. பியானோவில் நாலு சுரம் விழும். என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது. முதல் வரியின் பாதியில்தான் அரங்கம் முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடும். நிரவலில் ஒரே வரி பத்து விதமாகத் திரும்பி வருவதை ரசிக்கப் பழகிய காது இங்கே பாதி வேலையை முடித்துவிட்டது.

இரண்டாம் படி: எங்கே பாடுகிறார் என்று பாருங்கள்

கச்சேரித் தேதிகள் அவருடைய அதிகாரபூர்வ இணையதளத்தில் வரும். 1988 ஜூன் 7 அன்று கலிஃபோர்னியாவில் தொடங்கிய தொடர் பயணத்துக்கு ரசிகர்கள் 'நெவர் எண்டிங் டூர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். 2019-இல் கச்சேரி எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டியது. கொரோனாதான் அதை நிறுத்தியது. 2021 நவம்பரில் மில்வாக்கியில் 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' பயணம் தொடங்கியது.

பெரும்பாலான தேதிகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான். ஆசியாவுக்கு எப்போதாவது வருவார்: சிங்கப்பூரில் 2011-இலும் 2018-இலும் பாடினார், ஜப்பானில் 2023-இல். சென்னையிலிருந்து கிளம்பும் எண்ணம் இருந்தால் விசா கையில் இருப்பது நல்லது. தேதி அறிவித்த பிறகு விண்ணப்பித்தால் நாள் போதாது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2024, 2025 கோடைகளில் வில்லி நெல்சனோடு 'அவுட்லா' இசை விழாவில் டிலன் பாடினார். அது திறந்தவெளி, பல பாடகர்கள், டிலனுக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதி நேரம். முதல் முறை என்றால் அவர் மட்டுமே பாடும் மூடிய அரங்கையே தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் படி: டிக்கெட்டும் இருக்கையும்

அதிகாரபூர்வத் தளம் காட்டும் இணைப்பு வழியாகவோ அரங்கத்தின் சொந்த டிக்கெட் கவுன்ட்டரிலோ மட்டும் வாங்குங்கள். மறுவிற்பனைத் தளங்களில் முதல் நாள் மூன்று மடங்கு கேட்கும் இருக்கை, கச்சேரிக்கு முந்தின வாரம் விலை இறங்குவதுண்டு. பதற வேண்டாம்.

மேடையில் பெரிய திரை இருக்காது. வெளிச்சம் மங்கல். டிலன் பெரும்பாலும் பியானோவுக்குப் பின்னால்தான் இருப்பார். 2002-இலிருந்தே கிட்டார் பின்னுக்குப் போய்விட்டது. அதனால் தூரத்துப் பக்கவாட்டு இருக்கை வாங்கினால் தொப்பி மட்டும்தான் தெரியும். கீழ்த்தளத்தின் நடுப்பகுதி, அல்லது மேல்மாடத்தின் முதல் வரிசை நல்லது. பணம் கொஞ்சம் கூடினாலும் அரங்கைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: பழைய நாடக அரங்கில் கேட்பதும் விளையாட்டு மைதானக் கூடத்தில் கேட்பதும் ஒன்றல்ல. சொல் தெளிவாகக் காதில் விழுந்தால்தான் இந்தக் கச்சேரி.

நான்காம் படி: போவதற்கு முன் கேட்க வேண்டியவை

பொறுக்கியெடுத்த பழைய வெற்றிப் பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுப் போவதுதான் ஏமாற்றத்துக்கு நேர் வழி. 2021 முதல் 2024 வரையான பயணத்தின் வழக்கமான வரிசையில் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' கிடையாது, 'பிளோயிங் இன் த விண்ட்' கிடையாது. பதினேழு பாட்டுகளில் ஒன்பது, 2020 ஜூனில் வந்த 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' ஆல்பத்திலிருந்து வந்தவை. அந்த ஆல்பத்தை முழுதாக, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று முறையாவது கேளுங்கள். வரிகள் அவர் தளத்திலேயே இருக்கின்றன. கென்னடி கொலையைப் பற்றிய பதினேழு நிமிடப் பாட்டான 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' மட்டும் அந்தப் பயண மேடைகளில் ஒலிக்கவில்லை. பயணம் மாறினால் வரிசையும் மாறும். முந்தின வாரக் கச்சேரியின் பாட்டு வரிசை தளத்தில் ஏறியிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். நான் பார்க்காமல் போவதையே விரும்புவேன். முதல் முறை போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவதில் தப்பில்லை.

அடுத்து காதைப் பழக்க ஒரு பயிற்சி. 'டோன்ட் திங்க் ட்வைஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இன் 'ஃப்ரீவீலின்' ஆல்பத்தில் விரல் மீட்டலோடு, காயத்தை மறைத்துக்கொண்டு மெல்லப் பேசுவது போல வரும். 1974 பயணத்தின் 'பிஃபோர் த ஃப்ளட்' பதிவில் அதே பாட்டைத் தனியாக நின்று, வேகமாக, கிட்டத்தட்ட கோபத்தோடு கத்துவார். 1978 டோக்கியோ புடோகான் பதிவில் அது ரெகே தாளத்தில் ஆடும். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். காதலியைப் பிரிந்து போகிற அதே சம்பவம்தான். பேசுகிற ஆளின் மனநிலை மூன்று. பிறகு 'டாங்கிள்ட் அப் இன் ப்ளூ': 1975 ஆல்பத்தில் ஒன்று, 1984-இன் 'ரியல் லைவ்' பதிவில் வரிகளையே பெரும்பாலும் மாற்றி எழுதிய இன்னொன்று. இது பழகிவிட்டால், அரங்கில் தெரிந்த பாட்டு தெரியாத மெட்டில் வரும்போது மனம் முரண்டு பிடிக்காது.

நேரம் குறைவு என்றால் 2023-இல் ஆல்பமாக வந்த 'ஷேடோ கிங்டம்' ஒன்று போதும். தன் பழைய பாட்டுகளை இன்றைய குரலுக்கு ஏற்றபடி அவரே புதிதாக அமைத்துப் பாடியது. இன்றைய மேடைக்கு அதுவே நெருக்கமான வாசல்.

ஐந்தாம் படி: பூட்டுப் பைக்குத் தயாராகுங்கள்

அவருடைய தனிக் கச்சேரிகளில் கைபேசியைப் பயன்படுத்த முடியாது. வாசலில் டிக்கெட்டை ஸ்கேன் செய்ததும் சாம்பல் நிறத் துணிப்பை ஒன்றைத் தருவார்கள். போனை அதில் போட்டதும் ஊழியர் மேல்விளிம்பை அழுத்துவார். 'க்ளிக்' என்று காந்தப் பூட்டு விழும். பை நம் கையிலேயே இருக்கும், திறக்கத்தான் முடியாது. அவசரம் என்றால் முன்கூடத்துக்குப் போய்த் திறக்கச் சொல்லலாம்.

இதற்காகச் செய்துகொள்ள வேண்டியவை சின்னவை, ஆனால் மறந்தால் சங்கடம். பைக்குள் போகும் முன்பே போனைச் சைலன்ட்டில் போடுங்கள். பூட்டிய பைக்குள் மணி அடித்தால் நிறுத்த வழியில்லை. பணம் போனில்தான் இருக்கிறது என்றால் தண்ணீர் பாட்டில்கூட வாங்க முடியாது. வங்கி அட்டையோ ரொக்கமோ வேண்டும். கடைசி ரயில் நேரத்தைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். கூட வருபவர் வேறு இடத்தில் உட்கார்ந்தால், முடிந்ததும் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். வீட்டில் குழந்தையையோ வயதான அப்பா அம்மாவையோ விட்டுவிட்டு வருகிறவர்கள் அரங்கத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சர்க்கரை அளவைப் போன் வழியாகப் பார்ப்பவர்கள் ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வரிசை நகர நேரமாகும். சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகப் போய்விடுங்கள். முன்னோட்டமாக வேறு யாரும் பாடாத இரவுகளில் தாமதமாக வருகிறவர் இழப்பது டிலனையே.

இந்தப் பூட்டை நான் மனமார வரவேற்கிறேன். ஆயிரக்கணக்கானோர் ஒரு சின்னத் திரையின் வெளிச்சம்கூட இல்லாமல் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருப்பதை இன்று வேறெங்கே காண முடிகிறது?

ஆறாம் படி: விளக்கு அணைந்த பிறகு

வணக்கம் சொல்ல மாட்டார். ஊர் பேரைச் சொல்லிக் கைதட்டு வாங்க மாட்டார். இசைக்குழுவை அறிமுகம் செய்வதோடு பேச்சு முடிந்துவிடும் இரவுகளே அதிகம். இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்ல வேண்டியதை எல்லாம் பாட்டில் வைத்துவிட்டவர்.

முதல் இரண்டு பாட்டுகளுக்கு எதையும் கண்டுபிடிக்க முயலாதீர்கள். ஒலி சீராகவும் நம் காது அந்தக் குரலுக்குப் பழகவும் அவ்வளவு நேரம் தேவை. பிறகு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போங்கள். அவர் வரியை எங்கே உடைக்கிறார், எந்தச் சொல்லைத் தள்ளிப் போடுகிறார், தாளம் கடந்துபோன பிறகு எப்படி ஓடி வந்து சேர்ந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். குரலில் பழைய வீச்சு கிடையாது, மேல் சுரங்கள் கிடையாது. 2015 முதல் 2017 வரை ஃபிராங்க் சினாட்ரா பாடிய பழைய பாட்டுகளைத் தொடர்ந்து ஆல்பங்களாக வெளியிட்டார். அதற்குப் பிறகு உச்சரிப்பில் வந்த அக்கறை இன்றைக்கும் கேட்கிறது. 'மதர் ஆஃப் மியூசஸ்' மாதிரி மெதுவான பாட்டுகளில் ஒவ்வொரு எழுத்தும் தனியாக வந்து விழும்.

குழுவையும் பாருங்கள். பேஸ் கிட்டார் வாசிக்கும் டோனி கார்னியர் 1989-இலிருந்து அவரோடு இருப்பவர். அவர் கண் பெரும்பாலும் டிலனின் கைமேலேயே இருக்கும். பியானோவில் டிலன் திடீரென்று ஒரு சிறு துணுக்கைப் பிடித்துக்கொண்டு அதையே அடித்துக்கொண்டிருப்பார். குழு முழுவதும் அதைச் சுற்றி வளைந்து வழி விடும். சில நேரம் அது தடுமாறும், சில நேரம் பாட்டு இதுவரை போகாத இடத்துக்குப் போய்விடும். இரண்டும் ஒரே இரவில் நடக்கும்.

நேயர் விருப்பம் கத்தாதீர்கள். எழுந்து நின்று பின்வரிசையை மறைக்காதீர்கள். ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' பயணத்தில் கடைசிப் பாட்டு 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் சாண்ட்'; சில இரவுகளில் அதன் முடிவில் ஹார்மோனிகாவை எடுப்பார். அது முடிந்தால் முடிந்தது. திரும்ப வந்து இன்னொன்று பாடும் வழக்கம் அந்தப் பயணத்தில் இல்லை. கோட்டைத் தேடிக்கொண்டிருந்தால் கடைசி நிமிடம் கைவிட்டுப் போகும்.

ஏழாம் படி: இன்னொரு இரவு

ஒரே ஊரில் அடுத்தடுத்த நாள் பாடுவது அவருக்கு வழக்கம். 2024 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மூன்று இரவுகள் பாடினார். கையில் காசு இருந்தால் ஒரு நல்ல இருக்கைக்குப் பதில், இரண்டு இரவுகளுக்கு நடுத்தர இருக்கைகளை வாங்குங்கள். முதல் இரவு அவரைப் பார்க்கிற பரவசத்திலேயே போய்விடும். பாட்டு வரிசை கிட்டத்தட்ட அதேதான் என்றாலும் இரண்டாம் இரவில் 'கீ வெஸ்ட்' பாட்டு வேறு வேகத்தில் வரலாம், முந்தின நாள் முணுமுணுத்த வரியை இன்று அழுத்திச் சொல்லலாம். நேற்றையதோடு ஒப்பிடத் தெரிந்த காதோடு அப்போது உட்கார்ந்திருப்பீர்கள்.