கணினிப் பாடம்: கடைக்கொரு பலகை, ஆளுக்கொரு சீட்டு



நம்மில் பலருடைய கடையில் இன்று கணினி இருக்கிறது. பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுவது எல்லாம் அதில்தான். ஒரே கணினியில் முதலாளி ஒரு பெயரிலும், கணக்குப்பிள்ளை ஒரு பெயரிலும், பில் போடும் தம்பி ஒரு பெயரிலும் உள்ளே நுழைகிறார்கள். அப்படிப்பட்ட கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "என் பெயரில் போனால் சரியாக ஓடுகிறது, அவர் பெயரில் போனால் ஓடவில்லை." உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். பல நேரங்களில் இயந்திரத்தில் பழுதே இருக்காது. "சூழல் மாறி" என்ற சிறு குறிப்பை எழுத வேண்டிய இடத்தில் எழுதாததுதான் காரணமாக இருக்கும். அதைப் பற்றியே இந்தப் பாடம்.

சூழல் மாறி என்றால் என்ன?

ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. அவ்வளவுதான். "டெம்ப்" என்ற பெயருக்கு எதிரே தற்காலிகக் கோப்புகளை வைக்கும் இடம் எழுதியிருக்கும். "பாத்" என்ற பெயருக்கு எதிரே, கட்டளை கொடுத்தால் நிரலை எந்தெந்த இடங்களில் தேட வேண்டும் என்று எழுதியிருக்கும். 1983-இல் வந்த எம்.எஸ். டாஸ் 2.0 பதிப்பிலேயே இந்த ஏற்பாடு உண்டு. ஆனால் டாஸ் இயந்திரத்தில் ஆள் பிரிவு கிடையாது; யார் உட்கார்ந்தாலும் ஒரே பட்டியல். இப்போதுள்ள விண்டோஸில் இரண்டு பட்டியல்கள் உள்ளன.

முதலாவது, கணினி முழுமைக்கும் உரியது. கடைச் சுவரில் எல்லோரும் பார்க்க மாட்டிய பலகை போன்றது. இரண்டாவது, உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது. அவரவர் சட்டைப் பையில் உள்ள சீட்டு போன்றது. ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் சீட்டில் உள்ளதே செல்லும். "பாத்" மட்டும் விதிவிலக்கு: பலகையில் உள்ளது முதலிலும், சீட்டில் உள்ளது அதன் பின்னாலும் சேர்ந்துகொள்ளும்.

இதில் நமக்கு என்ன நட்டம்?

இரவில் கடை மூடும்போது கணக்கை வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுக்கிறோம். அதற்கு ஒரு சிறு கட்டளைக் கோப்பு எழுதி, நகல் போக வேண்டிய இடத்தை "நகலிடம்" என்ற சூழல் மாறியில் வைத்ததாகக் கொள்வோம். நாளை டிஸ்க் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்பது இதன் வசதி. ஆனால் முதலாளி அதைத் தம் சீட்டில் மட்டும் எழுதிவிட்டார். அன்று இரவு கணக்குப்பிள்ளை தம் பெயரில் நுழைந்து நகல் எடுக்கிறார். அவர் சீட்டில் அந்தப் பெயரே இல்லை. கட்டளைக் கோப்பு அந்த இடத்தை வெற்றிடமாக எடுத்துக்கொள்ளும். நகல் வெளி டிஸ்குக்குப் போகாமல், அதே கணினியின் சி டிரைவிலேயே விழுந்துவிடக்கூடும். திரையில் நகல் முடிந்தது என்றே வரும். கணினி பழுதாகும் நாளில் கணக்கும் நகலும் சேர்ந்தே போகும். ஆண்டுப் படிவத்துக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். அதிகாரி கேட்டால் எதைக் காட்டுவது?

எழுதும் முறை (விண்டோஸ் 10, 11)

1. நிர்வாகி உரிமை உள்ள பெயரில் நுழைந்து, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, "என்விரான்மென்ட்" என்று ஆங்கிலத்தில் தட்டவும். "சிஸ்டம்" என்ற சொல் உள்ள வரியைத் தேர்ந்து, வரும் பெட்டியில் "என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்" பொத்தானை அழுத்தவும்.

2. மேல் கட்டம் அவரவர் சீட்டு. கீழ்க் கட்டம் பொதுப் பலகை. எல்லோருக்கும் தேவையான "நகலிடம்" போன்றவற்றைக் கீழ்க் கட்டத்தில் "நியூ" அழுத்தி எழுதவும். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைப்பது நல்லது.

3. ஒருவருக்கு மட்டும் உரியதை அவர் பெயரில் நுழைந்து, "யுவர் அக்கவுன்ட்" என்று முடியும் வரியைத் திறந்து எழுதவும். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டியதில்லை.

4. திறந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் "ஓகே" கொடுத்து மூடவும்.

கவனிக்க வேண்டியவை

ஒரு நிரல் தொடங்கும்போதே சீட்டின் பிரதியை வாங்கிக்கொள்கிறது. பிறகு நீங்கள் பலகையைத் திருத்தினாலும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கையில் பழைய பிரதிதான். ஆகவே நிரலை மூடித் திறக்கவும். பின்னணியில் தானே ஓடும் சேவைகளுக்காகக் கணினியையே ஒருமுறை நிறுத்தித் தொடங்குவது உத்தமம்.

கறுப்புத் திரையில் "செட்" கட்டளையால் எழுதுவது அந்தத் திரை மூடும் வரைதான் நிற்கும். "செட்எக்ஸ்" நிலையாக எழுதும். ஆனால் 1,024 எழுத்துக்கு மேற்பட்டதை வெட்டிவிடும். நீளமான "பாத்" மதிப்பை அதைக் கொண்டு தொட வேண்டாம். "பாத்"தில் இருப்பதை அழிக்காமல், புதியதைச் சேர்க்க மட்டும் செய்யவும்.

வங்கிக் கடவுச்சொல்லை இந்தப் பட்டியலில் எழுதவே கூடாது. அந்தப் பெயரில் ஓடும் எந்த நிரலும் அதைப் படித்துவிட முடியும்.

உபுண்டு லினக்ஸ் வைத்திருப்போருக்கும் கணக்கு இதுவே. பொதுப் பலகை "இடிசி" அடைவில் உள்ள "என்விரான்மென்ட்" கோப்பு. ஆள் சீட்டு அவரவர் வீட்டு அடைவில் உள்ள, புள்ளியில் தொடங்கும் "புரொஃபைல்" கோப்பு. வெளியேறி மீண்டும் நுழைந்தால் நடைமுறைக்கு வரும். அங்கே பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. விண்டோஸில் அந்த வேறுபாடு இல்லை.

இம்மாதப் பயிற்சி

இன்று இரவு கடை மூடுமுன், கணினியில் உள்ள ஒவ்வொரு பெயரிலும் தனித்தனியே நுழையுங்கள். கறுப்புத் திரையைத் திறந்து "எக்கோ" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, மாறியின் பெயரை முன்னும் பின்னும் சதவீதக் குறி இட்டுக் கொடுங்கள். இடத்தின் பெயர் வந்தால் சரி. நீங்கள் தட்டியதே சதவீதக் குறியோடு திரும்பி வந்தால், அந்த ஆளுக்கு அது போய்ச் சேரவில்லை என்று பொருள். அதோடு, வெளி டிஸ்கைத் திறந்து, கடைசி நகலின் தேதியையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். கால் மணி நேர வேலைதான்.