முதலாளி இல்லாத நேரத்தில் கடை எப்படி நடக்கிறது?

கொள்முதலுக்காக மண்டிக்குப் போய் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்புகிறோம். அந்த மூன்று மணி நேரம் கடை எப்படி நடந்ததோ, அதுவே நமது நிர்வாகத் திறமைக்கு அளவுகோல்.

உளவியல் அறிஞர் குர்ட் லெவினும் அவருடைய துணை ஆய்வாளர்களும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓர் ஆய்வு நடத்தி 1939-ல் வெளியிட்டனர். சுமார் பத்து வயதுச் சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்துக் கைவேலை கொடுத்தார்கள். தலைமை மூன்று விதமாக இருந்தது. ஒன்று, எல்லாவற்றுக்கும் உத்தரவு போடும் தலைமை. இரண்டு, கலந்து பேசி வேலை வாங்கும் தலைமை. மூன்று, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் தலைமை.

மூன்றாவது வகையில் வேலையே சரியாக நடக்கவில்லை. முதல் வகையில் வேலை நடந்தது; ஆனால் தலைவர் வெளியே சென்றதும் படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில்தான் தலைவர் இல்லாதபோதும் வேலை தொடர்ந்தது.

மளிகைக் கடைக்கு இதை எப்படிப் பொருத்துவது?

1. காரணம் சொல்லுங்கள். "பழைய மூட்டையை முன்னால் வை" என்பதோடு நிறுத்தாமல், "பின்னால் கிடந்தால் பருப்பில் வண்டு விழும், நஷ்டம்" என்றும் சொல்லுங்கள். அடுத்த முறை சொல்லாமலே செய்வார்.

2. பொறுப்பு கொடுங்கள். பருப்பு வகை ஒருவருக்கு, எண்ணெய் வகை ஒருவருக்கு என்று பிரித்து, குறைந்த சரக்கின் பட்டியலை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்துக் கொள்முதல் செய்யுங்கள்.

3. வாடிக்கையாளர் முன்னிலையில் திட்டாதீர்கள். தவறைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். நல்ல வேலையை நாலு பேர் முன் பாராட்டுங்கள்.

4. உரியதை உரிய நாளில் கொடுங்கள். சம்பளத் தேதி தவறக் கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் ஊதியத்துடன் விடுமுறை என்பது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 தரும் உரிமை. ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021-ல் அதே சட்டம் திருத்தப்பட்டது. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் போடுவதால் கடைக்குப் பெரிய செலவில்லை.

கலந்து பேசுவது என்றால் எல்லாவற்றையும் தளர்த்திவிடுவது அல்ல. எடை, கல்லாக் கணக்கு, காலாவதித் தேதி ஆகிய மூன்றிலும் விதி ஒன்றே. அதில் முதலாளிக்கும் விலக்கு கிடையாது.

பழகிய ஊழியர் ஒருவர் விலகினால், எந்த வீட்டுக்கு எந்த அரிசி, எவர் கடன் எவ்வளவு நாளில் வரும் என்ற விவரமும் அவரோடு போய்விடுகிறது. புதியவர் அதைக் கற்க மாதங்கள் ஆகும். அதற்குள் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடுவார்.

இந்த மாதம் ஒரே ஒரு பிரிவை ஓர் ஊழியரிடம் முழுமையாக ஒப்படைத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் இருப்பைச் சரிபார்த்தால் பலன் உங்களுக்கே தெரியும்.