காரின் அருகிருக்கை உணர்கருவி: பழுதறிதலும் நீக்குதலும்

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில், இருக்கை வார் அணியாத ஓட்டுநருக்கும் அவர் அருகில் அமர்பவருக்கும் எச்சரிக்கை ஒலி எழுப்பும் அமைப்பு கட்டாயமாகும். அருகிருக்கையில் ஆள் இருப்பதை மெத்தைக்கடியிலுள்ள உணர்கருவி அறிவிக்கிறது.

ஆளில்லாதபோதும் ஒலி எழுந்தால், முதலில் இருக்கைமீதுள்ள சுமைகளை அகற்றிப் பார்த்தல் வேண்டும். பின்னும் ஒலித்தால், உணர்கருவியே கெட்டதென உடனே முடிவு செய்தலாகாது. இருக்கை முன்னும் பின்னும் நகர்வதால் அடியிலுள்ள கம்பிகள் இழுபட்டு இணைப்புத் தளர்வதும், ஈரத்தால் முனைகளில் களிம்பேறுவதும் உண்டு.

சோதிக்குமுன் சாவியைக் கழற்றி, பாட்டரியின் எதிர்மின்முனைக் கம்பியை விலக்கி, கார்க் கையேட்டில் கூறிய நேரம் காத்திருத்தல் வேண்டும். காற்றுப்பைச் சுற்றில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். மஞ்சள் நிறக் காற்றுப்பை இணைப்புகளில் மல்டிமீட்டரை வைத்தலாகாது. காற்றுப்பை வெடித்து விரியக்கூடும்.

பின்னர் உணர்கருவியின் இணைப்பைப் பிரித்து, முனைகளைத் துடைத்து, கருவியின் மின்தடையை அளத்தல் வேண்டும். மெத்தையை அழுத்தும்போது அளவு மாறினால் கருவி நன்னிலையிலுள்ளது. இணைப்பை அழுந்தப் பொருத்தினால் பெரும்பாலும் குறை நீங்கும். மாறாவிடில் கருவியை மாற்றுதல் வேண்டும். காற்றுப்பையோடு தொடர்புடைய உணர்கருவியாயின், இச்சோதனையைப் பட்டறைக்கே விடுதல் நலம்.

ஒலியை நிறுத்தக் கம்பியைத் துண்டிப்போர் உளர். அது பழுது நீக்கமன்று. வார் அணியாதவரை எச்சரிக்கும் குரலை அடக்குவதேயாகும்.